அத்தியாயம் 7: செத்த கொடி, சாகாத கிழங்கு

வடக்கிலிருந்து கொழும்புக்கு வரும் உறவினரின் பயணப் பையில் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் பனாட்டும் இருக்கும். சில வேளை அவற்றோடு கடதாசியில் சுற்றிய ஒரு கிழங்கும் இருக்கும். "வேலியிலை நிண்ட கார்த்திகைப்பூ. சாடியிலை வைச்சுப் பாருங்கோ" என்று சொல்லித் தருவார்கள். கொழும்பின் கிராண்ட்பாஸ் பகுதியில் முற்றம் வைத்த வீடு குறைவு. ஆனாலும் தொடர்மாடிப் பல்கனியிலோ தோட்டக் குடியிருப்பின் வாசற்படியிலோ ஒரு சாடிக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும்.

முதல் ஆண்டு எல்லாம் நன்றாகவே நடக்கும். கொடி பல்கனிக் கம்பியைப் பிடித்து ஏறும், நவம்பர் கடைசியில் பூக்கும், அயல் வீட்டார் வந்து பார்ப்பார்கள். பெப்ரவரி, மார்ச்சில் இலைகள் மஞ்சளாகும். வீட்டுக்காரர் பதறித் தண்ணீரைக் கூட்டுவார், உரம் போடுவார். அப்படியும் கொடி காய்ந்து சருகாகும். ஜூலையில் சந்தேகத்தோடு மண்ணைக் கிளறினால் கிழங்கு கூழாகிக் கிடக்கும்.

ஊரிலே வேலியோரத்துக் கொடிக்கு யாரும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை. அது ஆண்டுதோறும் தானாக வந்து பூக்கிறது. இங்கே நாள் தவறாமல் பார்த்துப் பார்த்து வளர்த்தது ஒரே ஆண்டில் போய்விட்டது. ஏன்?

மண்ணுக்கு மேலே அரை ஆண்டு

கார்த்திகைப்பூ, செங்காந்தள், கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்று இதற்குத் தமிழில் பல பெயர்கள். சிங்களத்தில் நியங்கலா. 1753இல் லின்னேயஸ் இட்ட அறிவியல் பெயர் குளோரியோசா சுபெர்பா. ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் தானாகவே முளைக்கும் காட்டுப்பூ இது. சிம்பாப்வேயின் தேசியப் பூவும் தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுவே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலாவதும் காந்தள்தான். நம் நாட்டில் போர்க்காலத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் அடையாளமாகவும் ஆனதால், கொழும்பில் இதை வளர்க்கலாமா என்று தயங்குவோர் இன்றும் உண்டு. தெற்கே சிங்களக் கிராமத்து வேலிகளில் இதே கொடி நியங்கலாவாகப் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது.

தாவரவியலாளர் இதைப் பல்லாண்டுத் தாவரம் என்பார்கள். ஒரு முறை பூத்துக் காய்த்ததோடு முடிந்துவிடாமல் ஆண்டுக்கணக்கில் வாழும் செடி என்று பொருள். மாமரமும் பல்லாண்டுத் தாவரந்தான். ஆனால் மாமரம் மழையிலும் வெயிலிலும் தன் உடம்பை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. கார்த்திகைப்பூக் கொடி ஆண்டில் ஏறத்தாழப் பாதிக் காலந்தான் மண்ணுக்கு மேலே தலை காட்டும். மீதிக் காலம் தண்டுமில்லை, இலையுமில்லை. மண்ணுக்குள் கிழங்கு மட்டும் கிடக்கும். இதற்கு உறங்குநிலை என்று பெயர். கலங்கள் சுவாசிக்கும், ஆனால் மிக மெதுவாக. வளர்ச்சி ஏதும் நடக்காது.

மஞ்சளாகும் இலைக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. பூத்து முடிந்ததும் கொடி தன் இலைகளில் உள்ள சத்தைப் பிரித்தெடுத்துக் கீழே அனுப்பத் தொடங்குகிறது. பச்சையம் சிதைகிறது, இலை வெளிறுகிறது, தண்டு வழியாகச் சர்க்கரையாக இறங்கும் சத்து கிழங்கில் மாச்சத்தாகச் சேர்கிறது. வீட்டுக்காரர் நோய் என்று நினைத்தது உண்மையில் சேமிப்பு வேலை. அந்த நேரத்தில் மஞ்சள் இலைகளைக் கிள்ளி எறிவது அடுத்த ஆண்டுப் பூவைக் கிள்ளி எறிவதற்குச் சமம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆவணியில் நட்ட அதே கிழங்கு பங்குனியில் மண்ணுக்குள் இருக்காது. பழைய கிழங்கு கொடியை வளர்த்துவிடுவதிலேயே தீர்ந்து, வெறும் தோலாகச் சுருங்கிவிடும். அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகியிருக்கும். கொடிக்கு வயது கூடிக்கொண்டே போகும், கிழங்குக்கு மட்டும் எப்போதும் ஒரு வயதுக்கு மேல் இல்லை.

இரண்டு ஊர்களின் மழை

யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீட்டர். அதில் பெரும் பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வெயில். ஜூன், ஜூலையில் வேலியோர மண் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

கார்த்திகைப்பூவின் ஆண்டுக் கணக்கு இதோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. முதல் மழைக்கு முளை, மாரியில் பூ, தை மாசியில் காய், பிறகு வறண்ட மண்ணுக்குள் நீண்ட உறக்கம்.

கொழும்பில் ஆண்டு மழை அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அதைவிட முக்கியம், அது இரண்டு தவணையாக வருகிறது. ஒக்டோபர், நவம்பரில் ஒரு தவணை. அது கொடிக்கு நல்லதுதான். ஆனால் ஏப்ரலில் தொடங்கி மே மாதத்தில் உச்சத்துக்குப் போகும் மழை இன்னொரு தவணை. மே மாதச் சராசரி மட்டும் 350 மில்லிமீட்டருக்கு மேல். யாழ்ப்பாணத்துக் கிழங்கு வெயிலில் நிம்மதியாக உறங்கும் அதே மாதத்தில் கிராண்ட்பாஸ் சாடியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது.

சரி, நவம்பரில் இதே அளவு மழையைத் தாங்கிய சாடிக்கு மே மழை மட்டும் ஏன் ஆகாது? நவம்பரில் கொடிக்கு இலைகள் இருக்கின்றன. இலைகள் நாள் முழுதும் நீரை ஆவியாக வெளிவிடுவதால் வேர்கள் சாடி நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரவில் பெய்தது மறுநாள் மாலைக்குள் குறைந்துவிடும், மண் துகள்களுக்கு நடுவே காற்று திரும்பி வரும். மே மாதத்தில் இலையும் இல்லை, உறிஞ்சும் வேரும் இல்லை. விழுந்த நீர் விழுந்த இடத்திலேயே நிற்கிறது. காற்றறைகள் எல்லாம் நீரால் நிரம்ப, மெல்லச் சுவாசித்துக்கொண்டிருந்த கிழங்குக்கு அந்தக் கொஞ்ச ஒட்சிசனும் கிடைக்காமல் போகிறது. மூச்சு முட்டிய கலங்கள் சாக, காத்திருந்த பூஞ்சணம் உள்ளே நுழைகிறது.

ஈரவலயத்திலும் காட்டோரங்களில் நியங்கலா உண்டே என்று கேட்கலாம். உண்டு. அங்கே சரிவான நிலம் நீரை ஓடவிடுகிறது, சுற்றியுள்ள மரவேர்கள் மீதியை இழுத்துவிடுகின்றன. சாடிக்கு இரண்டும் இல்லை.

ஒரு சாடியின் ஓராண்டு

இனி ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு கிராண்ட்பாஸ் பல்கனி ஒன்றில் ஓராண்டு முழுக்க வளர்த்துப் பார்ப்போம். எடை 60 கிராம் அளவில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் இதைப் பயிரிடுவோரும் ஏறத்தாழ அந்த எடையுள்ள கிழங்கைத்தான் நடுவார்கள். மிகச் சிறியவை முதல் ஆண்டில் இலை மட்டும் விட்டுப் பூக்காமல் போகலாம்.

ஆகஸ்ட் கடைசி. கிழங்கைக் கையில் எடுத்து அதன் நுனிகளைப் பாருங்கள். இரண்டு கைகள் விரிந்த வடிவம். ஒவ்வொரு கையின் நுனியிலும் வெளிறிய சிறு புடைப்பு ஒன்று தெரியும். அதுதான் முளை. உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் உண்டு, வெட்டின துண்டெல்லாம் முளைக்கும். இதில் நுனிக்கு ஒன்றுதான். அந்த நுனி ஒடிந்தால் மீதிக் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் பயனில்லை. கிழங்கோ சட்டென்று முறியும் சாதி. பஸ்ஸில் பையோடு பையாக நசுங்கி வந்த கிழங்குகள் பல முளைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஓர் அடி அகலமும் ஓர் அடி ஆழமும் உள்ள சாடி போதும். அடியில் துவாரங்கள் பெரிதாக இருக்கட்டும், அவற்றின் மேல் உடைந்த ஓட்டுத் துண்டுகளை இடுங்கள். செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, தேங்காய்த் தும்புத் தூளும் கூட்டெருவும் சேர்ந்து ஒரு பங்கு. ஒரு கோப்பை நீரை ஊற்றினால் சிறிது நேரத்தில் அடியால் வடிய வேண்டும். வடியாவிட்டால் மணலைக் கூட்டுங்கள். கிழங்கைப் படுக்கையாக வைத்து, இரண்டு அங்குலம் மண்ணால் மூடுங்கள். ஒரு முறை நீர் விட்டபின் முளை தெரியும்வரை சாடியைக் கிட்டத்தட்ட மறந்துவிடலாம். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் சாடியைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். களனி ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் அளவுகோல் நிற்கும் நாகலகம் வீதி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே 5 அடியைத் தாண்டினால் வெள்ளம், 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம் என்பது கணக்கு. ஆறு ஏறும் நாட்களில் தாழ்ந்த ஒழுங்கைகளில் நிலத்தடி நீரும் ஏறும்.

செப்டெம்பர். சில வாரங்களில் தடித்த முளை ஒன்று வெளியே வரும். அதை எக்காரணம் கொண்டும் கிள்ளவோ வளைக்கவோ கூடாது, பதில் முளை உடனே வராது.

ஒக்டோபர். மழையோடு கொடி விறுவிறுவென ஏறும், ஆள் உயரத்தைத் தாண்டும். இந்தக் கட்டத்தில் ஓர் இலையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பாகல், முல்லை போன்ற கொடிகளைப்போல இதற்குத் தனியான பற்றுக்கம்பியும் கிடையாது, தண்டு சுற்றிப் படர்வதும் கிடையாது. இலையின் நுனியே மெல்லியதாக நீண்டு, சுருண்டு, பக்கத்தில் அகப்பட்டதைப் பிடிக்கிறது. ஒளியைப் பிடிக்கும் உறுப்பே கம்பியையும் பிடிக்கிறது. நுனி சிறியது என்பதால் தடித்த தூணைச் சுற்ற அதால் முடியாது. பென்சில் பருமனுக்கு மேற்படாத குச்சி, நைலோன் கயிறு, பல்கனிக் கம்பிவலை இவையே ஏற்றவை. தமிழ்நாட்டில் இதற்காகவே முள்கிளுவையை வயலில் நட்டு அதன் சிறு கிளைகளில் ஏற்றிவிடுகிறார்கள்.

இலைகளில் கறுப்பு உடலில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளி வைத்த புழுக்கள் தென்பட்டால் பொறுக்கி எடுங்கள். பொலிடெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியின் குடம்பிகள் அவை. கொஞ்சம் அசந்தால் கொடியை மொட்டையடித்துவிடும். மாடு வாய் வைக்கத் தயங்கும் இந்த இலையை அந்தப் புழு வயிறு நிறையத் தின்கிறது என்பது வியப்புத்தான். அந்த வியப்பின் காரணம் கொஞ்சம் தள்ளி வரும்.

நவம்பர், டிசம்பர். பூ. அதற்குத் தனித் தலைப்பு வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை. கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும். கொடியும் இப்போது இறங்குமுகம். நீரை வாரத்துக்கு ஒன்று இரண்டு முறையாகக் குறைத்து, இலை மஞ்சளானதும் நிறுத்திவிடுங்கள். தண்டு தானாகக் காய்ந்து கையோடு வரும்வரை பொறுத்திருங்கள்.

ஏப்ரல். இதுதான் ஆண்டின் முக்கியமான வேலை, வேலை என்று சொல்ல ஒன்றுமே இல்லாத வேலை. சித்திரைப் புத்தாண்டுக்கு முன் சாடியை மழை படாத இடத்துக்கு இழுத்துவிடுங்கள். இடம் இல்லையென்றால் கிழங்கை மெதுவாகத் தோண்டி எடுத்து, காய்ந்த மணல் நிரப்பிய பெட்டியில் புதைத்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். ஆகஸ்ட் வரை ஒரு துளி நீரும் வேண்டாம். யாழ்ப்பாணத்து வெயில் இலவசமாகச் செய்யும் காரியத்தைக் கொழும்பில் நாம் கூரை போட்டுச் செய்கிறோம், அவ்வளவுதான்.

தோண்டும்போது இரண்டு கைகள் உள்ள புதிய கிழங்கு கிடைக்கும். இரண்டும் சேரும் இடத்தில் கூரிய கத்தியால் வெட்டினால் இரண்டு கொடிகள், நுனிகள் இரண்டும் பத்திரமாக இருந்தால். விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் பூவைக் காண மூன்று நான்கு ஆண்டு பிடிக்கும்.

தலைகீழ்ப் பூ

மொட்டு கீழ்நோக்கித் தொங்குகிறது. விரியும்போது ஆறு இதழ்களும் பின்பக்கமாக மடிந்து மேலே எழுகின்றன. ஓரங்கள் நெளிந்திருக்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடி மஞ்சளாக நுனி சிவப்பு, சில நாட்களில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறப் பூக்களையும் ஒரே வேளையில் காணலாம். இப்படி நிறம் மாறும் பூக்கள் பலவற்றில், எந்தப் பூ புதிது என்பதை வருகை தரும் பூச்சிக்கும் பறவைக்கும் நிறமே காட்டிக்கொடுக்கிறது.

கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஆறு கேசரங்களும் குடைக் கம்பிபோல வெளிப்பக்கம் நீண்டு நிற்கும். பெண் உறுப்பின் தண்டு, அதாவது தம்பம், நேராகக் கீழே இறங்க வேண்டியது, அடியிலேயே செங்கோணமாக முறிந்து ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். பார்ப்பவர்கள் யாரோ மடித்துவிட்டதாகவே நினைப்பார்கள். பூவின் தேனுக்காகப் பெரிய பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வரும்போது, அதன் இறக்கையும் உடலும் விளிம்பில் நிற்கும் கேசரங்களில் உரசும். அந்த மகரந்தம் அடுத்த பூவில் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் தம்ப நுனியில் படும். பூவின் நடுவில் நேராக இறங்கியிருந்தால் அந்த உரசல் அதற்குக் கிடைத்திராது.

நான்காம் மாடிப் பல்கனிக்குப் பட்டாம்பூச்சி வருவது அருமை. பூ வாடும், காய் பிடிக்காது. திருப்பூர் மாவட்டத்து மூலனூர்ப் பகுதியில் இதை ஏக்கர் கணக்கில் பயிரிடும் விவசாயிகளுக்கும் இதே தொல்லை. அங்கே விதைதான் விளைச்சல். ஆகவே காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் தொழிலாளர்கள் வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். நீங்களும் காலையில் மெல்லிய தூரிகையால் அப்படிச் செய்யலாம். காய் முற்றி மூன்றாக வெடிக்கும், உள்ளே சிவந்த விதைகள் இருக்கும். அழகாகத்தான் இருக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் காய் பிடிக்கவே விடாதீர்கள் என்பது என் கட்சி.

காவலுக்கு ஒரு நஞ்சு

அரை ஆண்டுத் தேவைக்கான மாச்சத்து மண்ணுக்குள் ஓரிடத்தில் குவிந்து கிடக்கிறது. பன்றி, முள்ளம்பன்றி, எலி, புழு, மனிதர் எல்லோரும் தேடும் பொருள் அது. உறங்கும் கிழங்கால் ஓட முடியாது. கொறித்த இடத்தை உடனே வளர்த்துக்கொள்ளவும் முடியாது, இலை இல்லை அல்லவா. இத்தகைய தாவரங்கள் பலவும் வேதிப்பொருளால் தம்மைக் காத்துக்கொள்கின்றன. கார்த்திகைப்பூ வைத்திருக்கும் பொருளின் பெயர் கொல்கிசின். கொடி முழுவதிலும் அது உண்டு. கிழங்கில் நிறைய, விதையில் அதைவிடச் செறிவாக. அடுத்த ஆண்டுக்கான முதல் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் காவலும் பலம்.

கொல்கிசினை முதலில் இதிலிருந்து எடுக்கவில்லை. ஐரோப்பாவில் கொல்சிக்கம் என்ற சிறு பூச்செடி உண்டு, கார்த்திகைப்பூவுக்கு ஒரே குடும்பத்து உறவு. 1820இல் பிரான்சின் பெல்லத்தியேரும் கவாந்துவும் அதன் கிழங்கிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தார்கள். கார்த்திகைக் கிழங்கிலும் அதுவே இருக்கிறது என்பது 1915இல் தெரியவந்தது.

கலம் பிரியும்போது

கொல்கிசின் உடம்பில் என்ன செய்கிறது? நம் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் மிக நுண்ணிய குழாய்கள் உண்டு. நுண்குழல்கள் என்று சொல்லுவோம். கட்டடக்காரர் கட்டும் சாரத்தைப்போல இவை தேவைப்படும்போது கட்டப்பட்டு, வேலை முடிந்ததும் பிரிக்கப்படும். சிறு புரதத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டே குழல் நீள்கிறது. கலம் இரண்டாகப் பிரியும் வேளையில் பாரம்பரியத் தகவல் அடங்கிய நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிப்பது இந்தக் குழல்கள்தான். கொல்கிசின் அந்தப் புரதத் துண்டுகளைப் போய்ப் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட துண்டு சேர்ந்தால் குழல் மேலே வளராது. நிறமூர்த்தங்கள் இழுப்பாரின்றி நடுவிலேயே நிற்கின்றன. கலப்பிரிவு பாதியில் நின்றுவிடுகிறது.

இப்போது ஒரு கேள்வி. இந்த நஞ்சு முதலில் எந்த உறுப்பைத் தாக்கும்? உடம்பில் ஓயாமல் பிரியும் கலங்கள் எங்கே இருக்கின்றன என்று யோசித்தால் விடை வந்துவிடும். குடலின் உட்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. எலும்பு மச்சையில் இரத்தக் கலங்கள் இரவு பகலாக உருவாகின்றன. மயிர்க்கால்களும் அப்படித்தான்.

கார்த்திகைக் கிழங்கு தின்றவருக்கு நடப்பதும் ஏறத்தாழ இதே ஒழுங்கில்தான். முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, வாந்திபேதி கண்டதுபோல வயிற்றோட்டம். அடுத்த நாட்களில் இரத்தக் கலங்கள் குறைந்து, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகத் தளரும். பலர் இந்தக் கட்டத்தில் இறந்துவிடுகிறார்கள். தப்பியவர்களுக்கு ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்துத் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிரும். இலங்கையில் இப்படித் தப்பிய ஒருவருக்கு உடல் முழுவதும் மயிர் உதிர்ந்ததைப் பற்றி மருத்துவர் கூனரத்ன எழுதிய குறிப்பு 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது. மயிர் மீண்டும் வளரும். கலப்பிரிவு தடைப்பட்டதே தவிர மயிர்க்கால் அழியவில்லை.

இதே தடையை ஆய்வுகூடத்தில் நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். நிறமூர்த்தங்கள் நடுவில் நின்றுவிட்டால் அவற்றை எண்ணுவது எளிது. மனிதக் கலத்தில் 48 நிறமூர்த்தங்கள் என்றே 30 ஆண்டுக்கு மேலாக நம்பியிருந்தார்கள். சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் அல்பர்ட் லெவானும் கொல்கிசின் இட்டுத் தயாரித்த கலங்களை நுண்காட்டியில் எண்ணி, 46தான் என்று 1956இல் அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 1937இல், அமெரிக்காவில் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் செடிகளுக்குக் கொல்கிசின் இட்டு நிறமூர்த்த எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் காட்டியிருந்தார்கள். விதையில்லாத் தர்ப்பூசணி அந்த வழியில் வந்ததுதான்.

மருந்தும் அதுவே

சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் இந்தக் கிழங்கு நெடுங்காலமாக இருக்கிறது. ஆயுர்வேதம் இதை லாங்கலி என்ற பெயரில் துணை நஞ்சுகளின் வரிசையில் சேர்த்திருக்கிறது. நஞ்சென்று தெரிந்தே எடுத்தாண்டிருக்கிறார்கள். அரைத்து மேலே பூசும் முறைகள் தோல் நோய்க்கும் மூட்டு வீக்கத்துக்கும் உண்டு. பிரசவம் தாமதமானால் வயிற்றிலோ பாதத்திலோ பற்றுப் போடும் வழக்கமும் இருந்தது. உள்ளே கொடுப்பதற்கு முன் கிழங்கைச் சீவி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, உலர்த்தி, மீண்டும் ஊறவைத்துச் 'சுத்தி' செய்வார்கள். கொல்கிசின் நீரில் கரையும் பொருள் என்பதால் ஊறவைத்த மோரோடு அதில் ஒரு பங்கு போய்விடும் என்பது பொருத்தமாகவே படுகிறது. எவ்வளவு போகும் என்பதை அடுக்களையில் அளக்க வழியில்லை என்பதுதான் சிக்கல்.

மேலை மருத்துவம் அதே பொருளை அளந்து கொடுக்கிறது. யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகி வரும் கௌட் வலிக்குக் கொல்கிசின் பழைய மருந்து. படிகத்தைத் தேடி வெள்ளைக் கலங்கள் திரண்டு வருவதால்தான் பெருவிரல் சிவந்து வீங்குகிறது. அந்தக் கலங்கள் நகரவும் நுண்குழல் வேண்டும். குழல் தடைப்பட்டால் படை திரளாது, வீக்கம் தணியும். 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கொல்கிசினை அனுமதித்தது. அளவைப் பாருங்கள், அரை மில்லிகிராம். உள்ளங்கையில் அடங்கும் கார்த்திகைக் கிழங்கில் அதைப்போலப் பல மடங்கு இருக்கக்கூடும். அதுவும் மண்ணுக்கு மண், கிழங்குக்குக் கிழங்கு மாறும். மூலனூர் விதைகள் மூட்டையாக மருந்து உற்பத்திக்குப் போவதும், அதே விதையை நாம் வீட்டில் தொடக்கூடாது என்பதும் இதனால்தான். புறக்கோட்டை கேபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளில் எத்தனையோ வேர்களையும் பட்டைகளையும் நம்பி வாங்கிக் கஷாயம் வைக்கலாம். இதை வேண்டாம்.

தன் நஞ்சு தன்னைத் தீண்டாதா?

கார்த்திகைப்பூக் கொடியும் கலங்களால் ஆனதுதான். ஒக்டோபரில் நாளுக்கு நாள் நீளும் அந்த முளையில் கலங்கள் ஓயாமல் பிரிகின்றன. உடம்பெல்லாம் கொல்கிசினை வைத்துக்கொண்டு அது எப்படி வளர்கிறது?

1940களில் லெவான், மேலே நிறமூர்த்தம் எண்ணிய அதே லெவான், ஷ்டைனெகர் என்பவரோடு சேர்ந்து கொல்சிக்கம் செடியைக் கொல்கிசினில் இட்டுப் பார்த்தார். வெங்காய வேரை முடக்கிப்போடும் செறிவு அதை அசைக்கவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் காரணத்தைக் காட்டின. இந்தக் குடும்பத்துச் செடிகளின் நுண்குழல் புரதத்தில், கொல்கிசின் பற்றும் இடத்தை ஒட்டிச் சில கூறுகள் மாறியிருக்கின்றன. நஞ்சு வந்து பற்றப் பிடி கிடைப்பதில்லை. இலை தின்னும் அந்தப் புள்ளிப் புழுவும் தன் வழியில் ஏதோ ஒரு தடுப்பை வைத்திருந்தால்தான் உயிர் வாழ முடியும். நமக்கு அப்படி ஒரு மாற்றமும் இல்லை.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு

இலங்கையில் இந்தக் கிழங்கால் இறந்தவர்களில் ஒரு பகுதியினர் வள்ளிக்கிழங்கு, வற்றாளங்கிழங்கு என்று தவறாக எண்ணி அவித்துத் தின்றவர்கள். அவித்தாலும் நஞ்சு போகாது. எனவே உணவுப் பொருளோடு ஒரே பையில் இதை அனுப்பாதீர்கள், வாங்காதீர்கள். ஏப்ரலில் தோண்டியதை மணற்பெட்டியில் வைக்கும்போது மூன்று மொழியிலும் 'நஞ்சு' என்று எழுதி ஒட்டுங்கள். பெட்டி அடுக்களைக்குள் வரவே கூடாது. வீட்டுப் பணிக்கு வருபவருக்கும் வயதானவர்களுக்கும் வாயால் சொல்லி வையுங்கள். கிழங்கை வெட்டும்போது கையுறை போடுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

காட்டிலோ பிறர் வேலியிலோ தோண்டி எடுக்க வேண்டாம். ஏற்கனவே வளர்ப்பவரிடம் கிழங்கின் ஒரு கையை வெட்டித் தரும்படி கேளுங்கள், ஆண்டுதோறும் அவரிடம் பெருகிக்கொண்டுதான் இருக்கும்.

யாராவது கிழங்கையோ விதையையோ தின்றுவிட்டால், "ஒன்றும் செய்யவில்லையே" என்று காத்திருக்காதீர்கள். முதல் சில மணி நேரம் எவருக்கும் ஒன்றும் செய்யாது. இதற்கு வைத்தியசாலைகளில் வழக்கமாகக் கொடுக்கும் மாற்று மருந்து கிடையாது, நேரத்தோடு போய்ச் சேர்வதுதான் வழி. 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள், மிச்சமிருக்கும் கிழங்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கிராண்ட்பாஸிலிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலை சில கிலோமீட்டர் தூரந்தான். தேசிய நச்சுத் தகவல் நிலையமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.